பூனை கண்ணை மூடினால்...



வீட்டில் வளரும் பூனைக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னவுடன் நம்மவர்களில் பலர் முதலில் எதைப்பற்றிச் சிந்திக்கின்றனர்? நோயைப்பற்றி அன்று, மருந்தைப்பற்றியும் அன்று. பிள்ளைக்குத் தெரியாமல் இதை எப்படி மறைப்பது என்றே சிந்திக்கின்றனர். "பாட்டி வீட்டிற்கு அனுப்பிவிட்டோம்" என்பார் ஒருவர். "ஓடிப் போய்விட்டது" என்பார் மற்றொருவர். "தூங்க வைத்துவிட்டோம்" என்பார் இன்னொருவர். பொய்யைச் சொல்லிவிட்டு, பிள்ளையின் மனம் நோகாமல் காத்துவிட்டோம் என்று நிம்மதியும் அடைகின்றனர்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். இங்கே கண்ணை மூடிக்கொள்வது பூனையன்று, நாம்!

சாகப்போகும் பூனையைப்பற்றிப் பிள்ளையிடம் பொய் சொல்வது அன்பாகாது என்பதே என் கருத்து. அந்தப் பொய் பிள்ளைக்கும் கேடு, பூனைக்கும் கேடு. கசப்பாக இருப்பினும் இதனைச் சற்றுப் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

"பூனைதானே!"

முதலில் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை தந்த பேகனையும், புறாவுக்காகத் தன் தசையை அறுத்துக் கொடுத்த சிபியையும் நாம் வகுப்பறையில் கற்பிக்கின்றோம். நன்னெறிக் கல்விப் பாடத்தில் 'உயிர்களிடத்து அன்பு' என்று எழுதச் சொல்லிப் புள்ளிகளும் இடுகின்றோம். ஆனால், செல்லப் பூனை இறந்த மறுநாள் கண் வீங்கி வந்து அமரும் மாணவனைப் பார்த்து, "பூனைக்காகவா அழுகிறாய்?" என்று சிரிக்கின்றோம். ஆசிரியர் அறைகளில் இந்தச் சிரிப்பை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பாரி கொடுத்தால் வள்ளல்; பத்து வயதுப் பையன் அழுதால் பைத்தியமா?

'பூனை நகரம்' என்று கூச்சிங்கில் சிலைகளும் அருங்காட்சியகமும் வைத்துக் கொண்டாடும் நாடு நம்முடையது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளிலும் 2024 செப்டம்பர் 1 முதல் பூனை வளர்க்க இசைவு கிடைத்துவிட்டது. இன்று குட்டியாக வீட்டிற்குள் வரும் பூனைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முதுமை வரும். முதுமையோடு புற்றுநோயும் வரலாம். ஆகவே, இது யாரோ சிலருடைய சிக்கலன்று. நம் மாணவர்களில் பலரது வீட்டுக் கதவை நாளை இது தட்டும்.

பொய் என்ன செய்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி 'என் செல்லப் பிராணி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதினாள். இறுதியில் இப்படி முடித்திருந்தாள்: "என் பூனைக்கு என்னைப் பிடிக்காததால் ஓடிப் போய்விட்டது. நான் இப்பொழுது அதட்டுவதில்லை. அதன் தட்டில் தினமும் சோறு வைக்கிறேன்."

பெற்றோர் சந்திப்பு நாளில் அவளுடைய தாயாரிடம் விசாரித்தேன். அந்தப் பூனை ஓடவில்லை. மடியில் கட்டி வந்து, அது நுரையீரலுக்குப் பரவி, மருத்துவரிடத்திலேயே உயிர் விட்டிருக்கிறது. "பிள்ளை தாங்கமாட்டாள் என்றுதான் சொல்லவில்லை" என்றார் அவர். தாங்கமாட்டாள் என்று கருதி மறைத்த பெற்றோர், இறந்துபோன பூனைக்கு நாள்தோறும் சோறு வைக்கும் பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டனர். சாவு கொடுக்கும் துயரம் நாளடைவில் ஆறும். 'என்னால்தான் போய்விட்டது' என்ற எண்ணம் அவ்வளவு எளிதில் ஆறாது.

சிறு பிள்ளைகள் காரணம் தெரியாத இடத்தில் தாமே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்வர். "நான் வாலை இழுத்தேனே, அதனாலோ?" என்று நினைப்பர். ஐந்து வயதுப் பிள்ளை இறந்தது திரும்பி வரும் என்றுகூட எண்ணும். ஏழு வயதை ஒட்டித்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சாவு மீளாதது என்னும் தெளிவு பிறக்கிறது. அந்த வயதில் "தூங்க வைத்துவிட்டார்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்? இரவில் படுக்கப் பயப்படும். நாளை அதற்கே ஓர் அறுவைச் சிகிச்சை என்று வந்து, "மருத்துவர் உன்னைத் தூங்க வைப்பார்" என்று நாம் சொல்லும்போது அலறும். அதன் அலறலில் குற்றம் உண்டா?

இன்னொன்று. மறைக்கின்ற வீடு எதையும் கற்றுக்கொள்வதில்லை. பெண் பூனையின் மடியில் தோன்றும் கட்டிகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை புற்றுக்கட்டிகளே. ஆறு மாதத்திற்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 91 விழுக்காடு குறைகிறது என்று 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. "ஓடிப்போன" பூனைக்குப் பதிலாக வரும் அடுத்த பூனைக்கு இதை யார் நினைவில் வைத்துச் செய்வார்கள்?

உண்மை என்பது எது?

"புற்றுநோய்" என்ற ஒரு சொல்லோடு உண்மை முடிந்துவிடுவதில்லை. எந்தப் புற்று, எந்த இடத்தில், எந்த நிலையில் என்று கேட்டறிய வேண்டும். பூனைகளின் குடலில் வரும் நிணநீர்ப் புற்றில் மெதுவாக வளரும் வகை ஒன்று உண்டு. வீட்டிலேயே கொடுக்கக்கூடிய மாத்திரைகளால் அதனைக் கட்டுப்படுத்தினால், பல பூனைகள் ஈராண்டோ அதற்கு மேலோ நலமாக வாழும். அதே குடலில் வரும் வேகமான வகைக்கு ஊசிவழி வேதிச்சிகிச்சை தேவை. இணங்கினாலும் பெரும்பாலும் மாதக்கணக்குத்தான். வெள்ளைப் பூனையின் காது நுனியில் வெயிலால் வரும் புற்றைத் தொடக்கத்திலேயே கண்டு, காது மடலை அகற்றினால் பிழைத்துவிடும். நாக்கின் அடியில் வருவதோ பொல்லாதது. அந்நோய் கண்ட பூனைகளில் ஓராண்டைக் கடப்பவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

எங்கள் வீட்டுப் பூனைக்கு வந்தது அந்தக் கடைசி வகை. வயது பதின்மூன்று. வாயில் எச்சில் வடிந்தது. கவ்விய உணவு கீழே விழுந்தது. மருத்துவர் நாக்கைத் தூக்கிப் பார்த்தார். சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தபின் வழிகளை எங்கள்முன் வைத்தார். அறுத்து எடுக்க இயலாத இடம். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் தொலைவிலுள்ள ஊருக்குப் பலமுறை கொண்டுசெல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து. கிடைப்பது சில வாரங்களாக இருக்கலாம். உணவுக் குழாய் பொருத்தலாம். அல்லது வலிநீக்கி, மென்மையான உணவு, வீட்டின் அமைதி. நாங்கள் கடைசி வழியைத் தேர்ந்தோம்.

அன்று இரவே மூன்றாம் ஆண்டில் படிக்கும் மகனிடம் சொன்னோம். "இதற்குப் புற்றுநோய். மருத்துவரால் குணமாக்க முடியாது. இது செத்துப்போகும். யார் செய்த தவறாலும் வரவில்லை. உனக்கு ஒட்டாது." ஐந்தே வாக்கியங்கள். "வலிக்குமா அம்மா?" என்று கேட்டான். "வலிக்கும். அதற்கு மருந்து இருக்கிறது. மருந்து போதாத நாள் வந்தால் மருத்துவரிடம் சொல்லி அமைதியாகச் சாக உதவி கேட்போம்" என்றேன். அழுதான். பிறகு அவனே நாள்காட்டியில் நல்ல நாளுக்குப் பச்சை வட்டமும் கெட்ட நாளுக்குச் சிவப்பு வட்டமும் போடத் தொடங்கினான். ஏழாம் வாரத்தில் சிவப்பு மிகுந்தது. மருத்துவரை அழைத்தோம். அவன் தட்டில் சோறு வைத்துக் காத்திருக்கவில்லை.

சிகிச்சையை யாருக்காகத் தேர்கின்றோம்?

மறைக்கின்ற வீட்டில் முடிவுகளும் கோணலாகின்றன. சிலர் பிள்ளையின் கண்ணீருக்குப் பயந்து, பயனில்லை என்று தெரிந்தும் ஊசிமேல் ஊசி போடச் சொல்கின்றனர். சிலர் பிள்ளை பள்ளியிலிருக்கும் நேரம் பார்த்து, நோயுற்ற பூனையைச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருகின்றனர். முன்னது நம் அச்சத்திற்கான மருந்து. பின்னது கொடுமை. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம், வலியிலிருந்தும் நோயிலிருந்தும் விலங்கைக் காக்கும் கடமையை உரிமையாளர்மீது சுமத்துகின்றது. சந்தையில் விட்டால் கடமை தீர்ந்துவிடாது.

அளவுகோல் வேண்டுமா? உண்டு. அமெரிக்க விலங்கு மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004ஆம் ஆண்டில் ஒன்றை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழிற்கும் பத்துப் பத்துப் புள்ளிகள். கூட்டுத்தொகை 35க்கு மேலிருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். இதில் நம் பெருமைக்கோ பயத்திற்கோ புள்ளி கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

பூனை வலியை மறைக்கும் பிராணி. உறுமி இழைந்தால் சுகமாக இருக்கிறது என்றே கொள்ளமுடியாது. நோவிலும் அது இழையும். இரக்கப்பட்டு நம் வீட்டு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பரேசிட்டமோல் மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

மறுப்புகள் சில

"உயிரை எடுக்க நமக்கு உரிமை உண்டா?" என்பர் சிலர். நம்பிக்கை சார்ந்த இக்கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால், கொல்லாமை என்பது கையைக் கட்டிக்கொண்டு பட்டினியால் சாகவிடுவதன்று. சில நாள்கள் உண்ணாத பூனைக்கு ஈரலும் கெட்டுவிடும். ஊசி வேண்டாம் என்பது உங்கள் கொள்கையானால், இறுதி மூச்சுவரை வலிநீக்கியும் நீரும் தூய படுக்கையும் தரும் பொறுப்பு உங்களுடையது. அதையும் செய்யாமல் "கடவுள் விட்ட வழி" என்பது பக்தியா?

"பிள்ளைக்கு நல்ல சப்பாத்து வாங்கவே பணமில்லை, பூனைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதா?" என்பர் வேறு சிலர். நியாயமான கேள்வி. செலவழித்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேதிச்சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுப்பது பாவமன்று. "இந்தச் சிகிச்சைக்கு நம்மிடம் பணமில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்ள நம்மால் முடியும்" என்று பிள்ளையிடமே சொல்லுங்கள். வறுமையில் வெட்கமில்லை. பொய்யில்தான் உண்டு.

"சின்னப் பிள்ளை, புரியாது" என்பர் மற்றவர். புரியாது என்றால் ஏன் அது கதவோரம் நின்று நம் கிசுகிசுப்பைக் கேட்கிறது? ஆயினும் ஓர் எல்லை உண்டு. உண்மையைச் சொல்வது வேறு; முடிவைச் சுமத்துவது வேறு. "ஊசி போடலாமா வேண்டாமா, நீயே சொல்" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். முடிவு பெரியவர்களுடையது. பிள்ளைக்கு உரியவை கேள்வியும் கண்ணீரும் விடைபெறும் நேரமும்.

ஆசிரியர்களுக்கு

மாணவன் ஒருவன் தன் பூனை இறந்ததென்று சொன்னால், "வேறொன்று வாங்கிக்கொள்" என்று சொல்லாதீர்கள். பூனையின் பெயரைக் கேளுங்கள். அன்றைய வீட்டுப்பாடத்தை மறுநாள் வாங்கிக்கொள்ளுங்கள். விரும்பினால் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கட்டுரைக்குப் புள்ளி இடவேண்டாம். இதற்குக் கூடுதல் நேரமோ நிதியோ தேவையில்லை.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்று பூனை. நாளை தாத்தா, அதன்பின் நம்மில் ஒருவர். அந்த நாளில் மருத்துவமனை வராந்தாவில் பிள்ளை நம் முகத்தைப் பார்த்து, "உண்மையைச் சொல்லுங்கள்" என்று கேட்கும். பூனை விஷயத்தில் பொய் சொன்ன வாயை அன்று அது நம்புமா? பெற்றோர்களே, அந்த நம்பிக்கையை இன்றே ஈட்டிக்கொள்ளுங்கள்.