புள்ளியைப் பகிரமாட்டோம், வரைபடம் படிக்கக் கற்றுத்தருவோம்
அமெரிக்கத் தேசிய வனங்களில் கட்டணமில்லா முகாம் குறித்து எங்கள் குழுவின் நிலைப்பாடு

அமெரிக்கத் தேசிய வனங்களில் காசு கொடுக்காமல் கூடாரம் போட்டுத் தங்கும் இடங்களின் பட்டியல் கேட்டு எங்களுக்குத் தொடர்ந்து எழுதுகிறார்கள். "ஜிபிஎஸ் புள்ளி இருந்தால் அனுப்புங்கள்" என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் சாரம். அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் மலையேற்ற, முகாம் குழு என்ற முறையில் எங்கள் முடிவைப் பொதுவில் அறிவிக்கிறோம். அப்படி ஒரு பட்டியலை நாங்கள் வெளியிடமாட்டோம். உறுப்பினர்கள் சமூக ஊடகங்களில் இடத்தின் துல்லியமான புள்ளியைப் போடுவதையும் ஆதரிக்கமாட்டோம். வரைபடம் பார்த்துத் தாமே ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கும் திறமையைக் கேட்கும் எவருக்கும் இலவசமாகக் கற்றுத்தருவோம். இந்த இடங்கள் என்றைக்கும் கட்டணமில்லாமல் இருக்கவேண்டும் என்பதில் எங்களுக்குள் மாற்றுக் கருத்து இல்லை.

புதிதாக வருபவர்கள் தேசியப் பூங்காவையும் தேசிய வனத்தையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள். யோசெமிட்டி தேசியப் பூங்கா. அங்கே காரோடு போய் இரவு தங்க முன்பதிவு செய்த முகாம் மைதானம் வேண்டும், கோடை நாட்களுக்கான முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதை ஒட்டியுள்ள ஸ்டானிஸ்லாஸ், சியரா, இன்யோ மூன்றும் தேசிய வனங்கள். அவை வேளாண் துறையின்கீழ் 1905இல் அமைந்த வனத்துறையின் பொறுப்பில் இருப்பவை. நாடு முழுவதும் 154 தேசிய வனங்கள். தேசியப் புல்வெளிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர். மரம் வெட்டுவதும் மாடு மேய்ப்பதும் வேட்டையும் நடைப்பயணமும் ஒரே நிலத்தில் நடக்கும். தடை என்று அறிவிக்காத பகுதிகளில் யாரும் கூடாரம் போடலாம். கழிப்பறை கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, மேசை கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது, அதனால் கட்டணமும் கிடையாது. வனத்துறை இதை டிஸ்பர்ஸ்ட் கேம்பிங் என்கிறது. பெரும்பாலான வனங்களில் ஓர் இடத்தில் 14 நாள் வரை தங்கலாம். கூட்டம் மிகும் இடங்களில் இது குறையும்: கிராண்ட் டீட்டன் சிகரங்களுக்கு எதிரே இருக்கும் ஷேடோ மவுண்டனில் கோடையில் 5 நாள்தான்.

கட்டணம் இல்லை என்பதை அதிகாரிகள் இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகையாக யாரும் நினைக்கவேண்டாம். பொது நிலங்களில் பொழுதுபோக்குக் கட்டணம் வசூலிப்பதை ஒழுங்குபடுத்தும் 2004ஆம் ஆண்டுச் சட்டம், குறைந்தபட்ச வசதிகள்கூட இல்லாத இடத்தில் முகாமிடுபவரிடம் பணம் வாங்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அரிசோனாவின் மவுண்ட் லெமன் பகுதியில் வண்டியை நிறுத்திவிட்டு, எந்த வசதியையும் தொடாமல் காட்டுக்குள் நடந்து போனவர்களிடமும் கட்டணம் வசூலித்தது வனத்துறை. அதை எதிர்த்த வழக்கில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல், காட்டுக்குள் நடந்து போனவர்களின் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பின் உணர்வு தளர்ந்துவிடக்கூடாது என்பது எங்கள் நிலை. சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிற குடும்பத்துக்கும், உதவித்தொகையில் படிக்கும் மாணவருக்கும், ஆறு மாதம் முன்பே விடுமுறை எந்த வாரம் என்று சொல்லமுடியாத தொழிலாளிக்கும் காட்டில் ஓர் இரவு கிடைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

பிறகு ஏன் புள்ளியை மறைக்கிறீர்கள் என்று கேட்பார்கள். கொலராடோவின் கிரெஸ்டட் பட் ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் ஒரு காலத்தில் சாலையோரம் எங்கு வேண்டுமானாலும் தங்க முடிந்தது. வண்டிகள் பெருகி, புல்தரை மண்தரையாகி, ஓடைக்கரை வரை சக்கரத் தடம் போனது. இப்போது அங்கே எண் போட்ட இடங்களில் மட்டுமே தங்கமுடியும். அரிசோனாவின் செடோனாவுக்கு மேற்கே கோகோனினோ வனத்திலும் இதே கதை. திறந்து கிடந்த பெரிய பரப்பு சுருங்கி, குறித்த சில முகாம் பகுதிகள் மட்டும் மிஞ்சின. இரண்டு இடங்களிலும் வனத்துறை செய்தது சரி என்றே நாங்கள் கருதுகிறோம். கெட்டுப்போன நிலத்துக்கு எல்லை போடத்தான் வேண்டும். ஆனால் அந்த நிலைக்கு இன்னொரு பள்ளத்தாக்கைத் தள்ளிவிடும் வேலையில் எங்களுக்குப் பங்கு வேண்டாம்.

கெட்டுப்போன முகாமிடம் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒரு கூடாரம் கொள்ளும் அளவுக்கு இருந்த வெற்றுத்தரை ஐந்தாறு வண்டி நிற்கும் அளவுக்கு அகன்றிருக்கும். சுற்றியுள்ள பைன் மரங்களில் ஆள் உயரத்துக்குக் கீழ்க்கிளை ஒன்றும் இருக்காது, பட்டையில் கோடரி வெட்டு. கல் வளையத்துக்குள் சாம்பலோடு சாம்பலாகப் பாதி எரிந்த அலுமினியத் தாளும் பீர் டப்பாவும். சற்றுத் தள்ளி ஒவ்வொரு கல்லுக்கடியிலும் வெள்ளைக் காகிதம். ஒரே ஆள் ஒரே நாளில் இதைச் செய்யவில்லை. ஒரு வார இறுதிக்குப் பத்து வண்டி என்று ஒரு கோடை முழுவதும் வந்தால் போதும்.

எங்கள் முடிவுக்கு எதிரான வாதம் ஒன்று இருக்கிறது, அதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இடத்தைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத்தான் வசதி. அப்பாவோடும் தாத்தாவோடும் வேட்டைக்குப் போய் வளர்ந்தவருக்குக் காட்டுச் சாலைகள் மனப்பாடம். நேற்று ஹூஸ்டனில் விமானம் இறங்கிய பெண்ணுக்கு அந்தத் தாத்தா எங்கே? ஐஓவர்லாண்டர், கேம்பெண்டியம் போன்ற செயலிகளில் யாரோ போட்ட புள்ளியைப் பிடித்துத்தான் எங்களில் பலர் முதல் முறை காட்டுக்குள் போனோம். செயலிகளைத் தடை செய்யவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. புள்ளி ஒருவரை ஓர் இடத்துக்குத்தான் கொண்டுபோகும். ஆயிரம் பேரையும் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோகும். வரைபடம் படிக்கத் தெரிந்தவர் எந்த வனத்துக்கும் போகலாம், நிறைந்த இடத்தை விட்டு அடுத்த சாலைக்கு நகரலாம். புதியவருக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான் நோக்கம் என்றால் திறமையைக் கொடுப்பதே நேர்மையான வழி.

அந்தத் திறமையில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வனமும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம் ஒன்றை இலவசமாக வெளியிடுகிறது. 2005இல் வந்த விதிக்குப் பிறகு எந்தச் சாலையில் எந்த வண்டி எந்த மாதத்தில் போகலாம் என்பதற்குச் சட்டப்படியான ஆவணம் இதுதான். கறுப்பு வெள்ளையில், மலையோ மரமோ காட்டாமல், பார்க்க வறட்சியாக இருக்கும். சாலைக் கோட்டின் ஓரங்களில் வரிசையாகச் சிறு புள்ளிகள் இருந்தால், அங்கே வண்டியைச் சாலையிலிருந்து சற்று உள்ளே ஓட்டிப்போய் முகாமிடலாம் என்று பொருள். எத்தனை அடி வரை என்பது அதே வரைபடத்தில் எழுதியிருக்கும், வனத்துக்கு வனம் மாறும். புள்ளி வரிசை இல்லாத சாலையில், அந்த வனத்தின் விதி இடம் கொடுத்தால், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து போகலாம். இது பலருக்குத் தெரியாது.

அடுத்து அதே பகுதியின் உயரக்கோட்டு வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைக்கவேண்டும். கோடுகள் நெருக்கியடித்தால் செங்குத்துச் சரிவு, விலகி நின்றால் சமதரை. அந்தச் சமதரையைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் சாலையிலிருந்து பிரியும் சிறு கிளைத்தடமும் அதன் முடிவில் வெளிறிய வட்டமும் தெரியும். ஏற்கெனவே யாரோ தங்கிய இடம் அது. புதிதாக ஒரு செடியைக்கூட நசுக்காமல் நாமும் தங்கலாம். இப்படி இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, வரைபடங்களைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு கிளம்பவேண்டும். மலைக்குள் சிக்னல் இருக்காது. சாலை எண்ணைத் தாங்கி நிற்கும் பலகையையும் கவனியுங்கள். எண் படுக்கை வாட்டில் இருந்தால் சாதாரணக் கார் போகலாம். மேலிருந்து கீழாக எழுதியிருந்தால் அது தரையிலிருந்து உயர்ந்த வண்டிக்கான பாதை; கேம்ரி போன்ற காரோடு அதில் நுழைந்து அடிப்பாகம் கல்லில் மாட்டினால் இழுவை வண்டிக்கு ஆகும் செலவில் நல்ல விடுதியில் தங்கியிருக்கலாம். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். வறண்ட ஓடைப்படுகையிலும் பட்டுப்போன மரத்தடியிலும் கூடாரம் வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பகுதி ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு போன். சாலை திறந்திருக்கிறதா, தீ மூட்டலாமா, கரடிக்காக உணவை எப்படி வைக்கவேண்டும், வேட்டைக்காலமா என்று கேளுங்கள். டெக்சாஸின் சாம் ஹூஸ்டன் வனத்தில் மான் வேட்டைக் காலத்தில் குறித்த முகாம்களில் மட்டுமே தங்கலாம் என்பது போன்ற விவரம் எந்தப் புள்ளியிலும் ஒட்டியிருக்காது.

நம்மவர்களுக்கென்றே சிலவற்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. நாம் பத்துக் குடும்பமாகக் கிளம்புகிறோம். அது நம் பலம், நமக்கு மகிழ்ச்சி. ஆனால் பத்துக் குடும்பத்தைத் தாங்கும் காட்டு முகாமிடம் எதுவும் இல்லை. மூன்று வண்டிக்கு மேல் போனால் கழிப்பறையோடு கூடிய குழு முகாம் மைதானத்தைப் பணம் கட்டிப் பதிவு செய்யுங்கள். 75 பேர் அல்லது அதற்கு மேல் கூடினால் வனத்துறையின் அனுமதி வாங்கியாகவேண்டும். சாப்பாடு நமக்கு முக்கியம்தான். சாம்பார் வைத்த பாத்திரத்தை ஓடையில் கழுவக்கூடாது. தண்ணீரிலிருந்து 200 அடி, அதாவது சுமார் 70 தப்படி தள்ளி, கழுவிய நீரை வடிகட்டி விசிறிவிட்டு, வடிகட்டியில் நின்ற கறிவேப்பிலையையும் பருப்பையும் குப்பைப் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும். கருவாடும் ஊறுகாயும் நெய் டப்பாவும் கூடாரத்துக்குள் இரவு தங்கக்கூடாது, கரடிக்கு அவற்றைவிட நல்ல அழைப்பிதழ் இல்லை. மலம் கழிக்க அதே 200 அடிக்கு அப்பால் 6 முதல் 8 அங்குல ஆழத்துக்குக் குழி. காகிதம் நம்மோடு திரும்பவேண்டும்.

தீயைப் பற்றி எங்கள் குழுவின் விதி வனத்துறையின் விதியைவிடக் கடுமையானது: கோடையில் விறகு மூட்டுவதில்லை, திருகினால் அணையும் எரிவாயு அடுப்பு மட்டும். 2011 மே மாதம் அரிசோனாவின் அப்பாச்சி-சிட்கிரீவ்ஸ் வனத்தில் இருவர் தங்கள் முகாம் தீ அணைந்துவிட்டது என்று நம்பி நடைக்குப் போனார்கள். அதிலிருந்து பரவி வாலோ தீ என்று பெயர் பெற்ற காட்டுத்தீ 5 லட்சத்து 38 ஆயிரம் ஏக்கரை எரித்தது. அந்த மாநில வரலாற்றிலேயே மிகப் பெரியது. மற்ற மாதங்களில் தீ மூட்டினால் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் சாம்பலைத் தொட்டுப் பார்க்கவேண்டும். கை பொறுக்காத சாம்பலை விட்டு எவரும் நகரக்கூடாது. மண்ணைப் போட்டு மூடுவது அணைப்பது ஆகாது, உள்ளே கங்கு உயிரோடு இருக்கும்.

அரசிடமும் எங்களுக்குக் கோரிக்கைகள் உண்டு. 2025 பிப்ரவரியில் வனத்துறையில் ஆயிரக்கணக்கான தகுதிகாண் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள். பலர் பிறகு திரும்ப அழைக்கப்பட்டாலும், போனை எடுக்க ரேஞ்சர் அலுவலகத்தில் ஆள் இல்லாவிட்டால் நாங்கள் சொல்லும் எந்த ஒழுங்கும் நடக்காது. அதே ஆண்டு ஜூனில் வனத்துறை நிலம் உள்ளிட்ட 20 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பொது நிலத்தை விற்கச் செனட்டில் முன்மொழிவு வந்தது. கட்சி பேதமின்றி எழுந்த எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. எந்த வடிவில் அது மறுபடி வந்தாலும் எதிர்ப்போம். செயலி நடத்துபவர்களிடம் கேட்பது: வனத்துறை மூடிய இடத்தின் புள்ளியை உடனே எடுங்கள், மற்றப் புள்ளிகளோடு அந்த வனத்தின் நாள் வரம்பையும் தீ விதியையும் காட்டுங்கள்.

வீடில்லாமல் காட்டில் வாழ்பவர்களைப் பற்றியும் மௌனம் காக்கமாட்டோம். ஓரிகனின் பெண்ட் நகரை ஒட்டிய டெசூட்ஸ் வனத்தில், எரிபொருளாகும் புதர்களை அகற்றுவதற்காகச் சைனா ஹாட் சாலைப் பகுதியை 2025 மே 1 முதல் மூடினார்கள். ஆண்டுக்கணக்கில் அங்கே வண்டிகளில் வாழ்ந்தவர்கள் வெளியேறவேண்டியிருந்தது. 14 நாள் விதியை நாங்கள் ஏற்கிறோம். ஆனால் வாடகை கொடுக்க முடியாமல் காட்டுக்கு வந்தவரையும் பொழுதுபோக்க வந்து குப்பை போட்டவரையும் ஒரே குற்றவாளியாகப் பேசுவதை ஏற்கமாட்டோம். போக இடம் காட்டிவிட்டுத்தான் ஒருவரைக் கிளப்பவேண்டும்.

இந்த நிலைப்பாடு எங்கள் எல்லாப் பயணங்களுக்கும் இன்று முதல் பொருந்தும். உறுப்பினர்கள் படம் போடும்போது வனத்தின் பெயரைக் குறிப்பிடலாம், சாலை எண்ணையும் புள்ளியையும் குறிப்பிடவேண்டாம். பட்டியல் கேட்டு எழுத நினைப்பவர்கள் போக விரும்பும் வனத்தின் பெயரை எழுதுங்கள். அதன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு சேர்ந்து உட்காருவோம்.