பெட்ரோல் வாசம்

முதுகில் இன்ஜினைக் கட்டிக்கொண்டு நடக்கிற ஆளைப் பவானி வாழைத் தோப்புகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மருந்தடிக்கும் அந்தப் பவர் ஸ்பிரேயருக்குத் துணி இறக்கை முளைத்து ஆளைத் தூக்கிக்கொண்டு பறந்தால் அதுதான் பாராமோட்டார். இரண்டும் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். ஆர்.எக்ஸ். 100 பைக்கைப் பிரித்த கை இதைக் கண்டு மிரளாது. சக்திதான் வேறே: இத்தாலிக்காரர்களின் விட்டோராசி மோஸ்டர் 185 சிசி இன்ஜின் ஏறக்குறைய 25 குதிரைத்திறன் தரும்.

தெரிந்த தம்பி ஒருவர் தன் மோட்டாரை வெளியூருக்குக் கட்டுவதை லட்சுமி நகர்ப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கழன்றது புரொப்பெல்லர். அப்புறம் வளையக் கூண்டு, சைலன்சர். கழற்றிய போல்ட்டை அதே துளையில் இரண்டு சுற்றுத் திருகி விட்டார், டப்பாவில் கொட்டவில்லை. கார்புரேட்டர் வாயைச் சிவப்புத் துணியால் அடைத்து, மறந்துவிடாமலிருக்க முழ நீளத்துக்கு வெளியே தொங்கவிட்டார். கார்பன் புரொப்பெல்லரின் ஓரம் லேசாகச் சிதைந்தாலும் சுழலும்போது உதறும். அதனால் அதைப் பழைய பவானி ஜமக்காளத்தில் சுற்றினார். “பபிள் ஷீட்டெல்லாம் எதுக்குங்ணா?” என்றார். நம்மூர்ச் சரக்கு மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை!

விமானத்தில் கொண்டுபோவதென்றால் உண்மையான தலைவலி பெட்ரோல் வாசம். பயணியின் லக்கேஜில் இன்ஜின் போக, டேங்க் காலியாக இருந்தால் மட்டும் போதாது, ஆவியும் இருக்கக் கூடாது என்பது விமான விதி. பிளாஸ்டிக் டேங்க்கோ பெட்ரோலைக் குடித்து வைத்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் லேசில் விடாது. அனுபவசாலிகள் பழைய டேங்க்கையும் டியூபையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுபோகிறார்கள். அப்படியும் கவுன்டரில் இருப்பவர் மூக்கைச் சுளித்தால் வாதாடிப் பயனில்லை. எடையும் இடிக்கும்: மோட்டாரே 20 முதல் 30 கிலோ, உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம்.

என்னைக் கேட்டால், இறக்கைத் துணியைக் கையோடு எடுத்துக்கொண்டு, மோட்டாரை ஈரோடு ஜங்ஷனில் பார்சல் போடுவதே மேல். பைக் அனுப்பியவர்களுக்கு அந்த முறை தெரியும்; அங்கும் பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடிக்கத்தான் வேண்டும். ஜனவரியில் டெல்லிப் பக்கம் மட்டும் வேண்டாம். குடியரசு தினத்தையொட்டி டிரோன், பாராகிளைடரோடு இதையும் சேர்த்துத் தடை போடுவது போலீஸ் வழக்கம்.

போய்ச் சேர்ந்து பூட்டியதும் ஸ்டார்ட் போட்டுப் பார்க்கக் கை பரபரக்கும். ஆபத்து அங்கேதான். அமெரிக்காவில் பதிவான பாராமோட்டார் விபத்துகளை அலசி 2014-இல் வந்த ஆய்வில், அதிகம் அடிபட்டவை கைகள். முக்கியக் காரணம் சுழலும் புரொப்பெல்லர். பெட்டிக்குள் மடங்கிய ஆக்சிலேட்டர் கேபிள் திரும்பாமல் சிக்கிக்கொண்டால் இன்ஜின் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் பாயும். பிளக் கேப்பை மாட்டுவதற்கு முன் லீவரை அழுத்தி விட்டு, அது தானாகத் திரும்புகிறதா என்று பார்த்தாக வேண்டும். தம்பி அந்தக் கேபிளை மடிக்கவே இல்லை. அகல வளையமாகச் சுற்றி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.