புனுகு வேணும், பூனை வேண்டாமா?

கல்யாண் பக்கம் நம்ம ஜனங்க வீட்டுப் பூஜை அலமாரியில, ஜவ்வாதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன புனுகு டப்பியும் இருக்கும். ஊருக்குப் போய் வந்த யாராவது வாங்கி வந்ததா இருக்கும். அதே ஜனங்க, மொட்டை மாடியில ராத்திரி மரநாய் நடமாடுதுன்னு கேட்டதும், சொசைட்டி மீட்டிங்கில் "கூண்டு வச்சுப் பிடிச்சு எங்கேயாவது விட்டுடுங்க"ன்னு முதல் ஆளா கை தூக்குறாங்க. எனக்கு இதில் உடன்பாடில்லை.

மராட்டிக்காரர்கள் உத்மாஞ்சர் என்று சொல்லும் மரநாயும், புனுகுப் பூனையும் ஒரே குடும்பம். ஆப்பிரிக்கக் காடுகளில் புள்ளி புள்ளியாய்த் திரியும் ஜெனட்டும் இவற்றின் பங்காளிதான். பேர்தான் பூனை, நாய். உண்மையில் இரண்டுமே இல்லை. மரநாய் எலியைத் தின்னும், பழம் தின்று விதையைப் பரப்பும், மனுஷனைக் கண்டால் ஒதுங்கும்.

மயிலாடுதுறை கூறைநாட்டில் புனுகீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஒரு புனுகுப் பூனை தன் புனுகைச் சாத்தி சிவனை வழிபட்டு மோட்சம் பெற்றது என்பது தலபுராணம். அது தானாக வந்து கொடுத்தது. மனுஷன் செய்தது வேறு: கூண்டில் அடைத்து, கம்பத்தில் அது உரசிவிட்டுப் போனதைச் சுரண்டினான். எத்தியோப்பியாவில் சுரப்பியையே பிதுக்கி எடுத்தார்கள். அந்த வாசனையின் மூலப்பொருளான சிவெட்டோனின் அமைப்பை ருஸிச்கா 1926-லேயே கண்டுபிடித்துவிட்டார். 1939-ல் நோபல் பரிசும் வாங்கினார். இன்று அதைச் செயற்கையாகவே தயாரிக்கிறார்கள். சாமிக்கு வாசனைதான் வேணும்னா கூண்டுக்கு அவசியமே இல்லை.

மாடி விஷயத்துக்கு வருவோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மரநாயை நாமாகப் பிடிப்பது குற்றம். அப்படியே பிடித்து விட்டாலும், ஓட்டை திறந்தே இருந்தால் நாளைக்கு இன்னொன்று வரும். குப்பையை மூடி வையுங்கள். குட்டி இல்லை என்று பார்த்து, அது இரை தேடப் போன பிறகு ஓட்டையை அடையுங்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை.

பேங்கில் இருக்கிறவன் பாஷையில் சொன்னால், வட்டி மட்டும் வேணும், முதல் வேண்டாம் என்பது எந்தக் கணக்கிலும் டேலி ஆகாது. பூனைக்கே மோட்சம் கொடுத்த சாமி இருக்கிற ஊர்க்காரங்க நாம. மொட்டை மாடியில ராத்திரி நாலு அடி நடக்க விடமாட்டோமா, சொல்லுங்க?