மடியில் விட வேண்டாம் இந்த ஓணானை

தோழர்களே, ஓணானைக் கண்டால் கல்லெடுக்கும் பிள்ளைகள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். சின்ன வயதில் நாமும் எடுத்தவர்கள்தான். ஆனால் நுவரெலியா, ஹக்கல, சிவனொளிபாதமலைப் பக்கங்களில் காட்டோர மலையில் கொழுந்து பறிப்பவர்கள் இன்னொரு ஓணானையும் கண்டிருப்பார்கள். மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு. பாசி பிடித்த மரத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆணுக்குக் கொம்பு நீளம். அதுதான் கொம்பு ஓணான்.

இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. இங்கேயும் ஏறக்குறைய 1,200 மீற்றருக்கு மேலுள்ள ஈரமான மலைக்காடுகளில்தான் வாழ்கிறது. அந்தக் காட்டைக் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெட்டச் சொன்னது வெள்ளைத் துரைமார். கோடரி பிடித்தது நம் முன்னோர். காணி உறுதியில் அவர்கள் பெயர் வரவில்லை. ஆகவே காடு அழிந்த பழியை நம் தலையில் கட்ட விடமாட்டோம். ஆனால் மிச்சமிருக்கும் காடு நமக்கும் வேண்டும். பல லயங்களின் பீலித் தண்ணீர் அங்கேதான் ஊறுகிறது.

இன்று வெளிநாட்டில் ஆசைக்கு வளர்ப்பவர்களுக்காக இந்த ஓணானைக் களவாகக் கடத்துகிறார்கள். 2019இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச மாநாடு இதன் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. நம் நாட்டுச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

கையில் காசில்லாத மாதக் கடைசியில் ஒருவன் வந்து, "ஒரு ஓணான் பிடித்துத் தா, நல்ல விலை தருகிறேன்" என்று கேட்டால் என்ன செய்வோம்? இலாபம் அவனுக்கு. பொலிஸும் கோர்ட்டும் வழக்குச் செலவும் நமக்கு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். சம்பளம் போதவில்லை என்றால் அதற்குப் போராடுவோம். காட்டை விற்று ஈடுகட்ட முடியாது.

தோட்ட நிர்வாகத்திடமும் கேட்போம்: காட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் களைநாசினி அடிக்க எங்களை அனுப்பாதே. விறகுக்கென்று மரம் நட்டுத் தா, நாங்கள் காட்டுக்குள் போக வேண்டியதில்லை.

முதலில் நம் வீட்டிலிருந்து தொடங்குவோம். பிள்ளைகளிடம் கல்லைக் கீழே போடச் சொல்லுவோம்.