இரண்டாவது பிக்கப் எதைக் கேட்க வேண்டும்?

ஏலகிரி மலையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். அவனிடம் ஒரு பழைய மின் கித்தார் இருக்கிறது. அதில் குதிரையை ஒட்டி ஒரே ஒரு பிக்கப். ஒலி கூர்மையாக வருகிறது, கனம் போதவில்லை. கழுத்துப் பக்கம் இன்னொரு பிக்கப்பைப் பொருத்திவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அதை வாங்க 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஜோலார்பேட்டையில் ரயில் ஏறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். கையில் இருப்பது ஒன்றே ஒன்று வாங்கும் பணம். கடையில் போய் நின்று, "இவற்றில் எது அதிகச் சத்தம் தரும்?" என்றுதான் அவன் கேட்பான். நம்மில் பலரும் அப்படித்தான் கேட்போம்.

அந்தக் கேள்வி வேண்டாம் என்பது என் கருத்து. சத்தத்தைக் கூட்டுவதற்கு ஒலிபெருக்கியில் ஒரு குமிழ் இருக்கிறது. முதல் பிக்கப் கேட்காத எதை இரண்டாவது கேட்க வேண்டும் என்றுதான் அவன் யோசிக்க வேண்டும்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஒரு கம்பிச்சுருள். தலைமயிரைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளில் மின் அழுத்தம் பிறக்கிறது. 1831-இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. ஆகவே பிக்கப் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. தனக்கு நேர் மேலே உள்ள துண்டுத் தந்தியின் அசைவை மட்டுமே அது அறியும். இடம் ஏன் முக்கியம் என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது.

மீட்டிய தந்தி அடிச்சுரத்தோடு 2, 3, 4 மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரங்களையும் சேர்த்தே எழுப்புகிறது என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பல கித்தார்களில் அதுதான் அளவு. குதிரையிலிருந்து நாலில் ஒரு பங்கில், அதாவது 162 மில்லிமீட்டரில், ஒரு பிக்கப்பை வைத்தால் 4-ஆம் மேற்சுரத்தின் கணு சரியாக அதன் மேலே நிற்கும். அந்தச் சுரம் அதற்குக் கேட்காது. ஆனால் அடிச்சுரம் தன் முழு வீச்சில் 0.71 பங்கு அங்கே கிடைக்கும். குதிரையை ஒட்டி 40 மில்லிமீட்டரில் இருக்கும் பிக்கப்புக்கு அடிச்சுரம் 0.2 பங்குதான், 4-ஆம் மேற்சுரமோ 0.7 பங்கு கிடைக்கும். நம் மாணவனின் கித்தாரில் கனம் இல்லாததற்குக் காரணம் இதுவே. பிக்கப் மட்டமானது என்று அதைத் திட்ட வேண்டியதில்லை.

இரண்டையும் சேர்த்து ஒலிக்கச் செய்தால் என்ன ஆகும்? 5-ஆம் மேற்சுரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கழுத்துப் பக்கத்தில் அதன் வீச்சு −0.71, குதிரைப் பக்கத்தில் +0.83. ஒரு பிக்கப்பில் தந்தி மேலே போகும்போது மற்றதில் கீழே வருகிறது. தனித்தனியே நன்றாகக் கேட்ட சுரம் இரண்டும் சேர்ந்ததும் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது! 6, 7-ஆம் மேற்சுரங்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். இரண்டு பிக்கப் சேர்ந்தால் குழிவான ஒரு புதுக்குரல் வருவது இதனால். இரண்டு வாங்கியவனுக்கு மூன்று குரல்.

சிலர் இந்தக் கணு விவகாரத்தைப் பிடித்துக்கொண்டு மில்லிமீட்டர் கணக்கில் சண்டை போடுவார்கள். அது வீண். 5-ஆம் மெட்டில் விரலை வைத்ததும் தந்தி 486 மில்லிமீட்டராகக் குறைகிறது. நாலில் ஒரு பங்கு இப்போது 121 மில்லிமீட்டர் அருகே வந்துவிடுகிறது. விரலோடு கணுவும் நகரும்.

இனி அதிகச் சுற்றுகள் கொண்ட 'பலமான' பிக்கப் பற்றி. சுற்றுகளை இரட்டித்தால் தன்மின்தூண்டல் எண் ஏறத்தாழ 4 மடங்காகும். கித்தாரிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பிவடத்துக்கு ஒரு மின்தேக்குதிறன் உண்டு. இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் ஒத்ததிர்வு அதிர்வெண் பாதியாகச் சரியும். அதற்கு மேலுள்ள நுண்சுரங்கள் மழுங்கும். கழுத்துப் பக்கம் ஏற்கனவே கனமானது. அங்கே இப்படி ஒன்றை வைத்தால் ஒலி கம்பளிக்குள் பேசுவது போலாகிவிடும். தந்தி அகலமாக ஆடும் இடமும் அதுதான். வலிய காந்தத்தைத் தந்திக்கு மிக அருகில் வைத்தால் அது தந்தியையே இழுத்துச் சுருதியைக் கெடுக்கும்.

வாங்குவதை முடிவு செய்ய வேண்டியது எது என்றால், என் மனத்தில் முதலிடம் இரைச்சலுக்கு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. குழல் விளக்கு, மின்மாற்றி எல்லாவற்றின் ரீங்காரத்தையும் ஒற்றைச் சுருள் பிடித்துக்கொள்ளும். கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர் 1955-இல் இதற்கு ஒரு வழிக்குக் காப்புரிமை கோரினார். இரண்டு சுருள்கள், இரண்டாவதில் சுற்றும் திசையும் எதிர், காந்த முனையும் எதிர். வெளியிலிருந்து வரும் ரீங்காரத்துக்குக் காந்தமுனை பற்றிக் கவலையில்லை. சுற்றின் திசை எதிரானதால் அது கழிந்துபோகிறது. தந்தியின் சைகையோ இருமுறை திரும்பி நேராகிக் கூடிக்கொள்கிறது. எவ்வளவு எளிய எண்ணம் பாருங்கள்!

நம் மாணவனும் இதைப் பயன்படுத்தலாம். கிட்டத்தட்ட அதே அளவு சுற்றுகள் கொண்ட, ஆனால் இவ்விரு வகையிலும் எதிரான பிக்கப்பை வாங்கினால், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ரீங்காரம் அடங்கும். பள்ளி ஆய்வகத்துக் காந்த ஊசி ஒன்றும், மிகக் குறைந்த மின்னோட்ட அளவுக்கு வைத்த முள் மீட்டர் ஒன்றும் சோதனைக்குப் போதும். பழைய பிக்கப்பின் முகத்தருகே காந்த ஊசியைப் பிடித்து, எந்த முனை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மீட்டரை இணைத்து, பிக்கப்பின் முகத்தில் எஃகுத் திருப்புளியைத் தொட்டுச் சட்டென்று விலக்குங்கள். முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது? கடையில் புதியதையும் இவ்வாறே சோதியுங்கள். காந்த ஊசி எதிர்த்திசை காட்ட வேண்டும். மீட்டர் முள் அதே பக்கம் துள்ள வேண்டும். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இதே பாடத்தை வீணையும் கற்பிக்கிறது. அதன் சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்திரத்துக்கும் அனுமந்திரத்துக்கும் வழக்கமாகப் பூட்டுவது பித்தளை அல்லது வெண்கலம். காந்தப் பிக்கப்புக்கு அவை ஏறத்தாழ ஊமை. எவ்வளவு பலமான காந்தம் வாங்கினாலும் பயனில்லை. அங்கே வேண்டியது அதிர்வை நேரடியாக உணரும் அழுத்தமின் தகடு. 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த விளைவு அது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) வாசித்த ஐந்து தந்தி மின் மாண்டலினில் இந்தத் தொல்லை இல்லை. எஃகுத் தந்திகளைக் காந்தப் பிக்கப் தாராளமாகக் கேட்கும்.

கடைசியாக, மரத்தைக் குடைவது பற்றி. மலைக்குக் கீழே வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் வெட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். தோலை விரித்து, வடு எங்கே, துளை எங்கே என்று தடவிப் பார்த்து, அச்சு எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்த பிறகே வெட்டுவார்கள். கித்தாரின் மரமும் அப்படித்தான். குடைந்த குழியை மூட முடியாது. புதிய பிக்கப்பை ஒலிபெருக்கியோடு இணைத்து, தலைகீழாகத் தந்திகளுக்கு மேலே 3, 4 மில்லிமீட்டர் உயரத்தில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். நண்பன் ஒருவன் மீட்டட்டும். மேலிருந்தாலும் அதற்குத் தந்தி கேட்கும். பிடித்த இடத்தில் பென்சிலால் கோடிடுங்கள். ஆனால் அப்போது பழைய பிக்கப்பைச் சேர்த்து ஒலிக்க வேண்டாம். தந்தி மேலே உள்ளதை நெருங்கும் கணத்தில் கீழே உள்ளதை விட்டு விலகுகிறது. சைகைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். சேர்ந்து எழும் குரலை அறிய வேண்டுமானால், புதிய பிக்கப்பின் இரு கம்பிகளையும் தற்காலிகமாக இடம் மாற்றி இணைத்துக் கேளுங்கள்.