எல்லைக் காவலர்களாம், எல்லைக் காவலர்கள்!

போன வாரம் கேன்டீனில் ஒரு வாய்ச்சண்டை. ஐரோப்பிய வரலாறு என்றால் உயிரை விடும் நண்பன் ஒருவன், "ஹோஹென்சோலர்ன் குடும்பம் ஆயிரம் வருஷமா அந்தக் கிழக்கு எல்லையைக் காத்துச்சு. அதிலிருந்து பிரஷ்யா, பிரஷ்யாவிலிருந்து ஜெர்மனி. அவ்ளோதான் மச்சி" என்று அடித்துவிட்டான். வகுப்புக்கு மணி அடித்துவிட்டதால் பாதியில் விட்டேன். மீதி இங்கே.

அவன் சொல்வது பிராண்டன்பர்க்கை. 'மார்க்' என்றால் பேரரசின் எல்லை நிலம், அதை ஆள்பவர் மார்க்கிராஃப். எல்லை என்றதும் வெளியாள் உள்ளே வராமல் தடுப்பதுதானே நமக்கு நினைவு வரும்? இங்கே கதை தலைகீழ். எல்பே நதிக்குக் கிழக்கே குடியிருந்தவர்கள் ஸ்லாவிய மக்கள். 10ஆம் நூற்றாண்டில் அங்கே போய் உட்கார்ந்து வரி கேட்டது ஜெர்மானியப் படை. 983ல் ஸ்லாவியர்கள் கிளர்ந்தெழுந்து துரத்திவிட்டார்கள். அடுத்த நூற்றைம்பது வருஷம் 'வட மார்க்' என்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் வெறும் பட்டம்தான். ஊரே இல்லாத பண்ணையார் மாதிரி :)

1134ல் அந்தப் பட்டம் அஸ்கானிய வம்சத்து ஆல்பிரெக்டுக்குக் கிடைத்தது. 'கரடி' ஆல்பிரெக்ட் என்பார்கள். பிராண்டன்பர்க் கோட்டையில் அப்போது இருந்தவர் பிரிபிஸ்லாவ் என்ற ஸ்லாவிய அரசர், கிறிஸ்தவர், பிள்ளை இல்லாதவர். ஆல்பிரெக்டை வாரிசாக்கிவிட்டு 1150ல் இறந்தார். ஆல்பிரெக்ட் வந்து சேரும்வரை அவர் மனைவி பெட்ரிசா மூன்று நாள் மரணத்தை மறைத்து வைத்தாராம், பழைய குறிப்பு ஒன்று அப்படிச் சொல்கிறது. பிறகு யக்சா என்ற இன்னொரு ஸ்லாவியத் தலைவர் கோட்டையைப் பிடிக்க, 1157 ஜூன் 11 அன்று ஆல்பிரெக்ட் அதை மீட்டார். அந்த நாளைத்தான் பிராண்டன்பர்க்கின் பிறந்தநாள் என்கிறார்கள். ஒரு உயில், ஒரு முற்றுகை. இதில் 'காவல்' எங்கே வந்தது?

சரி, ஹோஹென்சோலர்ன் எங்கே? பொறுங்கள், இன்னும் 258 வருஷம் இருக்கிறது.

1319ல் மார்க்கிராஃப் வால்டெமார் இறந்தார், மறுவருஷம் அஸ்கானியக் கிளையே அங்கே அற்றுப்போனது. 1323ல் பவேரியாவின் லுட்விக் பேரரசர் தன் சின்னஞ்சிறு மகனுக்கு நாட்டைத் தூக்கிக் கொடுத்தார். 1348ல் வந்தது பாருங்கள் கூத்து! "நான்தான் வால்டெமார், சாகவில்லை, யாத்திரை போயிருந்தேன்" என்று ஒரு கிழவர் வந்து நின்றார். லக்சம்பர்க் வம்சத்து நான்காம் கார்லுக்கு பவேரியாக்காரர்களோடு பகை. உடனே "ஆமாம், இவரேதான்" என்று அங்கீகரித்துவிட்டார்! காரியம் முடிந்ததும் 1350ல் கைகழுவினார். 1373ல் அதே கார்ல், 'சோம்பேறி' ஓட்டோவிடமிருந்து 5,00,000 குல்டனுக்கு நாட்டையே வாங்கினார். கார்லின் மகன் சிகிஸ்முண்டோ 1388ல் அதை ஒன்றுவிட்ட சகோதரர் யோப்ஸ்டிடம் அடகு வைத்தார். சேட்டு கடையில் வளையல் வைப்பதுபோல.

யோப்ஸ்ட் 1411ல் இறந்த பிறகுதான் தெற்கே நியூரம்பர்க்கிலிருந்து ஒரு ஃபிரீட்ரிஷ் நிர்வாகியாக வந்தார். அவர்தான் முதல் ஹோஹென்சோலர்ன். வந்தவர் யாரோடு சண்டை போட்டார்? எல்லைக்கு அப்பால் இருந்த எதிரியோடா? 1414ல் அவர் பீரங்கி வைத்து உடைத்தது உள்ளூர்ப் பிரபுக்களான குவிட்ஸோக்களின் கோட்டைகளை! 1415ல் நாடு அவருக்கே கிடைத்தது. முன்பின் நான்கு வம்சம், ஒரு போலி, ஒரு விற்பனை, ஒரு அடமானம். நண்பனின் 'ஆயிரம் வருஷம்' இதுதான்.

அந்த நேர்கோடு பிறகு வரைந்தது. வரைந்தவர்களில் முக்கியமானவர் இரண்டாம் வில்ஹெல்ம். பெர்லினில் 'வெற்றி வீதி' என்று ஒன்று அமைத்து, 1901க்குள் 32 பளிங்குச் சிலைகளை வரிசையாக நிறுத்தினார். கரடி ஆல்பிரெக்டில் தொடங்கி தன் தாத்தா வரை. விற்ற ஓட்டோவுக்கும் சிலை, வாங்கிய கார்லுக்கும் சிலை, அடகு வைத்த சிகிஸ்முண்டுக்கும் சிலை. நடந்து போகிறவனுக்கு எல்லாம் ஒரே குடும்பம் மாதிரித்தான் தெரியும். அந்த 32ல் பிரிபிஸ்லாவும் இல்லை, யக்சாவும் இல்லை. பெர்லின்காரர்களே அதை 'பொம்மை வீதி' என்று கிண்டலடித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிலைகளை அகற்றி, 1954ல் மண்ணில் புதைத்து, பிறகு தோண்டியெடுத்தார்கள். மிஞ்சியவை இப்போது ஷ்பாண்டாவ் கோட்டையில், மூக்கும் கையும் உடைந்தபடி நிற்கின்றன.

"பழைய கதைக்கு ஏன்டா இவ்ளோ கோபம்?" என்பான் நண்பன். பழைய கதை என்று யார் சொன்னது? 1945க்குப் பின் சோவியத் பகுதியில் பறிபோன சொத்துக்கு அந்தக் குடும்பம் இழப்பீடு கேட்டது. நாஜி ஆட்சிக்குக் கணிசமாக உதவியவர்களுக்கு இழப்பீடு கிடையாது என்கிறது 1994ன் ஜெர்மன் சட்டம். கடைசிப் பட்டத்து இளவரசர் ஹிட்லருக்கு உதவினாரா இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் மோதினார்கள், சிலர் மேல் வக்கீல் நோட்டீஸே பாய்ந்தது. குடும்பத் தலைவர் வழக்குகளை வாபஸ் வாங்கியது 2023ல்தான். 2025ல் கலைப்பொருட்கள் பற்றி அரசோடு ஓர் உடன்பாடும் வந்தது.

பி.கு: பெர்லின் கொடியில் கரடி இருப்பதால் ஊர்ப் பெயரும் கரடியிலிருந்து வந்தது என்று அடுத்து கிளம்பாதே நண்பா. சதுப்பு நிலத்தைக் குறிக்கும் பழைய ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்பது. டீ காசு இன்னும் பாக்கி.