விமானியின் தூக்கத்துக்கு வாய்தாவா?

விமானம் விழுந்ததும் ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது: "விமானியின் தவறு." பெரும்பாலும் அந்த விமானியும் விபத்தில் செத்துப் போயிருப்பார். செத்தவர் பதில் சொல்ல மாட்டார்; அத்துடன் கேஸ் முடிந்தது. ஆனால் அவர் எத்தனை மணி நேரம் கண் விழித்திருந்தார்? அந்த வேலை நேரத்தை எழுதிக் கொடுத்தவர் யார்? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் சொல்லும் தீர்ப்பு பாதித் தீர்ப்புத்தான்.

"கை நிறையச் சம்பளம் வாங்கும் விமானியின் தூக்கத்தைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று ஆலைத் தோழர் ஒருவர் கேட்கலாம். சம்பளத்தைப் பார்த்துத் தூக்கம் வருவதில்லை. இரவு ஷிப்டில் ரிங் பிரேம் பார்க்கும் தொழிலாளிக்கு இது தெரியும். மணி மூன்றைத் தாண்டினால் கண் திறந்தே இருக்கும். அறுந்த இழை மட்டும் கண்ணில் படாது. இரவெல்லாம் களத்தில் நெல் அடித்துவிட்டுக் காலையில் அரிவாள் பிடிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் தெரியும். ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும் மது குடித்தவரைப் போலத் தடுமாறுகின்றன என்று 1997-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குடித்துவிட்டு விமானம் ஓட்டுவது குற்றம். தூக்கமில்லாதவரை ஓட்ட வைப்பது மட்டும் நிர்வாகத் திறமையா?

மங்களூரை எடுத்துக்கொள்வோம். 2010 மே 22 காலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டனர். வளைகுடா நாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் அவர்களில் பலர். முதல் நாள் இரவு மங்களூரிலிருந்து துபாய்க்குப் பறந்த அதே ஊழியர்கள்தான் அந்த இரவிலேயே திரும்பி வந்தார்கள். விமானத்தின் ஒலிப்பதிவுக் கருவியில் கேப்டனின் குறட்டைச் சத்தம் பதிவாகியிருந்தது. அவர் சுமார் 1 மணி 40 நிமிஷம் தூங்கியிருந்தார். விழித்தபின் விமானத்தை அளவுக்கு மீறிய உயரத்திலும் வேகத்திலும் இறக்கினார். "வேண்டாம், மறுபடி மேலே ஏற்றுங்கள்" என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் பயனில்லை. சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி போன பிறகே சக்கரம் தரையைத் தொட்டது.

இறங்குவதைக் கைவிடாதது கேப்டனின் தவறு என்று விசாரணைக் கோர்ட்டு கூறியது. அது தவறுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்த மந்தமும், உடம்பு தூக்கத்தைக் கேட்கும் அந்த அதிகாலை நேரமும் இதில் சேர்ந்திருந்தன என்பதையும் அதே விசாரணை எடுத்துக் காட்டியது. இந்தப் பாதியை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். 2009 பிப்ரவரி 12-ல் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் கம்பெனியின் விமானம் விழுந்து 50 பேர் மாண்டனர். அதன் துணை விமானி குறைந்த சம்பளக்காரர். சியாட்டில் பக்கத்திலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து நூவார்க்கில் வேலைக்கு வந்தவர். கேப்டனோ விமான நிலையத்தின் ஊழியர் அறையிலேயே இரவைக் கழித்தவர். செத்தவர்களின் குடும்பத்தார் விடாமல் போராடினர். அதன் பிறகுதான் 2011-ல் புதிய ஓய்வு விதி வந்தது. அதுவும் 2014-ல்தான் அமலாயிற்று. சரக்கு விமானங்களுக்கு மட்டும் விலக்கு! செலவு அதிகம், பலன் குறைவு என்று கணக்குக் காட்டினார்கள். மூட்டை ஏற்றிச் செல்லும் விமானிக்குத் தூக்கம் வராதா?

நம் நாட்டுக்கு வருவோம். 2024 ஜனவரியில் சர்க்கார் புதிய விதி வெளியிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. இரவு என்பது காலை 5 மணியோடு முடியாமல் 6 மணி வரை நீண்டது. இரவில் விமானத்தை இறக்கும் எண்ணிக்கை 6-லிருந்து 2-ஆகக் குறைந்தது. நல்ல விதிதான். ஆனால் அந்த ஆண்டு ஜூன் 1-ல் அமலாக வேண்டியதைக் கம்பெனிகள் வாய்தா வாங்கித் தள்ளின. விமானிகளின் சங்கங்கள் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போன பிறகே 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு தவணையாக அமலாயிற்று.

பிறகு நடந்தது என்ன? 2025 டிசம்பரில் இண்டிகோ கம்பெனியின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. விதி வருமென்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாகத் தெரியும். தேவையான விமானிகளை ஏன் சேர்க்கவில்லை? பயணிகள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். சர்க்கார் யாருக்கு இறங்கிற்று? அந்தக் கம்பெனிக்கு இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்குத் தந்தது!

"விதியைக் கறாராக வைத்தால் பயணிகள்தானே அவதிப்படுவார்கள்?" என்கிறார்கள். பயணிகளை அவதிப்படுத்தியது ஓய்வு விதியல்ல. ஆளைக் கூட்டாமல் விமானங்களை ஓட்டப் பார்த்த கணக்குத்தான். பிரேக் தேய்ந்த விமானத்துக்கு இரண்டு மாதம் விலக்கு தருவார்களா? விமானியின் தூக்கமும் பிரேக் போன்ற பாதுகாப்புச் சாதனமே.

ஆகவே நாம் கேட்பது இவைதான். ஓய்வு விதிக்கு எந்தக் கம்பெனிக்கும் விலக்குத் தரக்கூடாது. ஆளைச் சேர்த்த பிறகே புதிய விமான சர்வீஸ்களுக்கு அனுமதி தர வேண்டும். "களைத்துவிட்டேன், இன்று ஓட்ட முடியாது" என்று சொல்லும் விமானிமீது நடவடிக்கை கூடாது. ஒவ்வொரு விபத்து விசாரணையும் விமானியின் கையைப் பார்ப்பதோடு, அவருக்கு வேலை நேரம் எழுதிய பேனாவையும் பார்க்க வேண்டும்.

எட்டு மணி நேர வேலை, வார லீவு எதையும் முதலாளி தானமாகத் தரவில்லை. உழைப்பவர்கள் போராடிப் பெற்றார்கள். விமானியின் ஓய்வும் அந்த வரிசையில் சேர்ந்ததே. அவர் கண்ணயர்ந்தால் அவரோடு சேர்ந்து சாவது பின்னால் அமர்ந்திருக்கும் நம் மக்கள்.